ஏட்டில் நகரம், வரப்பில் கிராமம்

எங்கள் பக்கம் நிலம் பார்க்க வருகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறார்கள். பெரும்பாலும் முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர்கள். ஐயா நம்மாழ்வாரின் பேச்சைக் கேட்டிருப்பார்கள், ஒன்றிரண்டு பயிற்சி முகாமுக்குப் போயிருப்பார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்வதற்கில்லை. அச்சன்புதூர்ப் பக்கம் ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் கிடைக்குமா என்று கேட்டவர்களை நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். மண் என்ன மண், கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர், கரண்டு இருக்கிறதா, ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று எல்லாம் கேட்பார்கள். மேல்வயல் யாருடையது என்று இதுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கட்சி.

ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தென்காசி மாவட்டம், கடையநல்லூர் வட்டம். மேற்கே மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கும். ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் எங்களுக்கும் உண்டு. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற அந்த ஈரக்காற்றுதான் எங்கள் கார்ப் பருவத்துக்கு ஆதாரம். பிறகு ஐப்பசி மழையை நம்பிப் பிசானம். மேக்கரையில் 132 அடி அடவிநயினார் அணை, அதிலிருந்து இறங்கும் அனுமன் நதி. மேட்டுக்கால், கரிசல்கால், பண்பொழிகால், வல்லவன்கால், இலத்தூர்கால், சாம்பவர்வடகரைகால் என்று ஆற்றிலிருந்து கால்கள் பிரியும். எல்லாம் சேர்ந்து 7,600 ஏக்கருக்குச் சற்று மேல் பாசனம். கால் குளத்தை நிரப்பும். குளம் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். மடை வழியாக இறங்குகிற தண்ணீர் ஒரு வயலின் வாமடை தாண்டி அடுத்த வயல், அதன் வாமடை தாண்டி அதற்கடுத்த வயல் என்று போய்க்கொண்டே இருக்கும். மிஞ்சினது சிற்றாற்றில் சேர்ந்து, கடைசியில் தாமிரபரணிக்கு.

இப்படி ஒரு பாசனத்தில் ‘என் தண்ணீர்’ என்று ஒன்று கிடையாது. மேல்வயல்காரர் குடித்து மிச்சம் வைத்ததைத்தான் நாம் குடிக்கிறோம். நம் மிச்சத்தைக் கீழ்வயல்காரர் குடிக்கிறார். மேல்வயலில் யூரியா போட்டால் நம் வயலில் பயிர் கறுக்கும். அவர் களைக்கொல்லி அடித்தால் நம் வயலில் மண்புழு செத்து மிதக்கும். நாம் ஜீவாமிர்தம் ஊற்றினால் அதில் ஒரு பங்கு கீழ்வயலுக்குப் போகும். அவர் நன்றி சொல்ல மாட்டார், அது வேறு.

எனக்கு இது புத்தி வந்ததே சண்டையில்தான். ஒரு கார்ப் பருவம். நடுகை முடிந்து நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் நான் வயலில் விட்டிருந்த அசோலா பூராவும் பழுத்துக் கிடக்கிறது, தவளை ஒன்றிரண்டு மல்லாந்து கிடக்கிறது. மேல்வயலில் பூட்டாக்ளோர் போட்டிருக்கிறார்கள், ராத்திரி மழையில் வரப்பு நிரம்பி எல்லாம் வாமடை வழியாக என்னிடம் வந்துவிட்டது. கோபத்தில் வீட்டுக்கே போய்விட்டேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னார், “நான் என் வயலுக்குத்தான தம்பி போட்டேன். ஒன் வயலுக்கா போட்டேன்? தண்ணி பள்ளத்துக்குத்தான் போவும். அதுக்கு நான் என்ன செய்யட்டும்?”

பதில் இல்லை என்னிடம். பதில் இல்லாததாலேயே சத்தம் போட்டேன். ரெண்டு வருஷம் பேச்சு இல்லை.

பேச்சு திரும்ப வந்தது விவசாயத்தால் அல்ல. அவர் வீட்டுப் பசு கன்று போட முடியாமல் ஒரு ராத்திரி முழுக்கத் தவித்தது. டாக்டர் வர நேரமாகும் என்றார்கள். ஆள் தேடி வந்தபோது தெருவில் விளக்கு எரிந்தது எங்கள் வீட்டில். போய்ப் பிடித்தேன், கன்று பிழைத்தது. அதற்குப் பிறகு வரப்பில் பார்த்தால், “என்ன தம்பி, தண்ணி வருதா?” என்று கேட்க ஆரம்பித்தார். அந்தக் கேள்வியிலிருந்து நான் மெதுவாகப் பிடித்துக்கொண்டேன். பூட்டாக்ளோர் போட்டால் ரெண்டு மூணு நாளைக்குத் தண்ணீரை வெளியே விடாமல் வயலிலேயே கட்டி வைக்க வேண்டும், அப்போதுதான் அது களையைப் பிடிக்கும், வடிய விட்டால் உங்க காசுதான் அண்ணாச்சி என் வயலுக்கு வருது என்றேன். அது அவருக்குப் பிடித்தது. அடுத்த பருவம் போடுகிற அன்றைக்கு முதல் நாளே, “நாளைக்கு மருந்து போடுதேன், வாமடையை அடைச்சுக்கோ” என்று சொல்லி அனுப்பினார். நானும் என் முதல் வயலில் தண்ணீர் நுழைகிற மூலையில் ஒரு சென்ட் அளவுக்கு ஒதுக்கிக் கல்வாழையும் சேம்பும் நட்டுவிட்டேன், தண்ணீர் அதில் நின்று இறங்கட்டும் என்று. அது விஷத்தையெல்லாம் உறிஞ்சிவிடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அவர் சொல்லி அனுப்புகிற அந்த ஒரு வார்த்தை, எந்தக் கல்வாழையையும்விட என் வயலைக் காப்பாற்றியிருக்கிறது.

இதை எதற்கு இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம் இயக்கத்தில் மண்ணைப் பற்றிப் பேசுகிறோம், விதையைப் பற்றிப் பேசுகிறோம், மாட்டைப் பற்றிப் பேசுகிறோம். ஊரைப் பற்றிப் பேசுவது குறைவு. ஊர் என்பது ஏற்கெனவே இருக்கிறது, அது எங்கேயும் போகாது என்ற நினைப்பு. எனக்கென்னவோ, மண்ணைவிட வேகமாகக் கெட்டுக்கொண்டிருப்பது ஊர்தான் என்று தோன்றுகிறது.

முதலில் எங்கள் ஊர் ஊரா, நகரமா என்பதே குழப்பம். அச்சன்புதூர் ஒரு பேரூராட்சி. அரசாங்கக் கணக்கில் நகர்ப்புறம். எங்களுக்கு மட்டுமில்லை, பண்பொழி, வடகரை கீழ்ப்பிடாகை, ஆய்க்குடி, சாம்பவர்வடகரை, இலஞ்சி எல்லாமே பேரூராட்சிகள். சுற்றிலும் நெல்லும் தென்னையும் நிற்க, வரிசையாக ‘நகரங்கள்’. 2004-இல் தமிழ்நாட்டின் பேரூராட்சிகள் பெரும்பாலானவற்றைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று மாற்றினார்கள். 2006-இல் திரும்பவும் பேரூராட்சி ஆக்கினார்கள். வயல் வயலாகத்தான் கிடந்தது, மாடு மாடாகத்தான் நின்றது.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. ஊராட்சியாக இருந்தால் கிராம சபை உண்டு. இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். கூட்டம் ஒப்புக்கு நடக்கிறது, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் ஒரு மக்கள் எழுந்து நின்று, எங்கள் குளத்தில் இதைக் கொட்டாதே, எங்கள் நிலத்தில் அதைத் தோண்டாதே என்று தீர்மானம் போடுவதற்கு ஒரு இடம் இருக்கிறது. காவிரிப் படுகையில் மீத்தேனை எதிர்த்து ஊர் ஊராகத் தீர்மானம் போட்டது அந்த இடத்தில் நின்றுதான். பேரூராட்சிக்காரனுக்குக் கிராம சபை கிடையாது. நகர்ப்புறத்துக்கென்று பகுதி சபை என ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். தெருவிளக்கு, சாக்கடை என்பதைத் தாண்டி அதில் வாய்க்கால் பேச்சு வருவதற்கு நாம்தான் போய் உட்கார வேண்டும். நம்மில் எத்தனை பேர் போனோம்?

இன்னொன்று, நூறு நாள் வேலை. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கிராமப்புறத்துக்கு வந்த திட்டம், பேரூராட்சிக்கு வரவில்லை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எந்த விவசாயிகள் கூட்டத்துக்குப் போனாலும் நூறு நாள் வேலையால்தான் வயலுக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது என்று ஒருத்தர் எழுந்து பேசுவார், பாதிப் பேர் கை தட்டுவார்கள். எங்கள் ஊரில் நூறு நாள் வேலையே கிடையாது. களையெடுக்க ஆளும் கிடையாது. அப்படியானால் காரணம் என்ன? காரணம் திண்ணைக்குத் திண்ணை உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பீடிதான் நிரந்தர வேலை. கூலி குறைவு, நெஞ்சுக்குக் கேடு, இடுப்பு போய்விடும். ஆனால் நிழலில் இருந்து செய்யலாம், பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம், வருஷம் முழுக்க இருக்கும், கம்பெனியில் பேர் இருந்தால் வைப்பு நிதியும் உண்டு. நாம் என்ன தருகிறோம்? பருவத்துக்கு இருபது நாள் வேலை, அதிலும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. ரசாயனக்காரராவது களைக்கொல்லி தெளித்துத் தப்பித்துக்கொள்கிறார். நமக்கோ கை வேண்டும். நஞ்சில்லாத உணவு என்று பேசுகிற நாம் அந்தக் கைக்குச் சரியான கூலி கொடுக்காமல், ஆள் கிடைக்கவில்லை என்று அழுவது எனக்குப் பிடிக்கவில்லை. நான் கொடுக்கிறேனா? இப்போது ரெண்டு வருஷமாக ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. அதற்கு முன்னால் இல்லை. ஊரில் கூலியைக் கெடுக்கிறான் என்று திட்டும் வாங்கினேன்.

பழைய ஊர் நன்றாக இருந்தது என்று சொல்லப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மடையைத் திறக்கவும் அடைக்கவும் நீர்பாய்ச்சி இருந்தார். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, எந்த வாமடை எவ்வளவு உயரம், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அறுப்புக் களத்தில் அவருக்கு நெல் அளப்பார்கள். ஆனால் அவர் தண்ணீர் பாய்ச்சின நிலத்தில் ஒரு சென்ட்கூட அவருக்குச் சொந்தமில்லை. ஊர்க்கூட்டத்தில் அவர் நிற்பார், மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஊர்க்கட்டுப்பாடு என்பது குளத்துக்கும் இருந்தது, மனுஷனை ஒதுக்கவும் இருந்தது. அதனால் அவர் பிள்ளைகள் படித்து வெளியூர் போனதை நான் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். நஷ்டம் என்னவென்றால், அந்த அறிவுக்கு உரிய மரியாதையும் நிலமும் கொடுத்து ஊரில் தக்கவைக்க நமக்குத் தெரியவில்லை. 2000-ஆம் ஆண்டில் பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கச் சட்டம் வந்தது, சங்கங்களுக்குத் தேர்தல் நடந்தது. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் குளம் தூர்வாரப் பணம் வந்தது. கரையை உயர்த்தினார்கள், மண் எடுத்தார்கள். தண்ணீரை யாருக்கு எப்போது விடுவது என்று ஊர் கூடிப் பேசுவது மட்டும் திரும்பி வரவில்லை. குத்தகைக்காரரும் கூலிக்காரரும் பெண்களும் உட்கார்ந்து பேசுகிற கூட்டம் ஒன்று வந்தால், அது பழையது திரும்பி வந்ததாக இருக்காது. புதிதாக உண்டாக்கினதாக இருக்கும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த கதையில்லை. அமெரிக்காவில் 1940-களில் வால்டர் கோல்ட்ஸ்மிட் என்கிற மானிடவியலாளர் கலிபோர்னியாவில் ரெண்டு சிற்றூர்களை எடுத்து ஆராய்ந்தார். ஒன்று ஆர்வின், மற்றது டினூபா. ரெண்டிலும் விளைச்சலின் மதிப்பு ஏறத்தாழ ஒன்றுதான். ஆர்வினைச் சுற்றிப் பெரிய பெரிய பண்ணைகள், டினூபாவைச் சுற்றிக் குடும்பப் பண்ணைகள். சிறு பண்ணைகள் இருந்த டினூபாவில் கடைகண்ணி ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. பள்ளிக்கூடம், பூங்கா, ஊர்ச் சங்கம் எல்லாம் அங்கேதான் மேல். பெரும்பண்ணை ஊரில் கூலிக்கு வந்து போகிறவர்கள்தான் அதிகம், ஊர் என்று நிற்க ஆள் இல்லை. அந்த ஆராய்ச்சியைப் பெரும்பண்ணைக்காரர்கள் விரும்பவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1970-களில் அங்கே வேளாண் அமைச்சராக இருந்த ஏர்ல் பட்ஸ், பெரிதாகு, இல்லையேல் வெளியேறு என்ற கொள்கையை நாடு முழுக்கப் பரப்பினார். கடன் வாங்கிப் பெரிதானவர்கள் 1980-களில் வட்டி ஏறி, நிலத்தின் விலை விழுந்தபோது ஏலத்துக்குப் போனார்கள். அயோவா, நெப்ராஸ்கா என்று சோளமும் சோயாவும் விளைகிற நடுநாட்டில், விளைச்சல் ஏறிக்கொண்டே போக, ஊர்கள் மட்டும் காலியாயின. பள்ளிக்கூடங்களை ஒன்றோடொன்று சேர்த்தார்கள், கடைகளை அடைத்தார்கள். பச்சைப் பசேல் என்று கிடக்கிற நிலத்துக்கு நடுவே ஆளில்லாத ஊர். எங்கள் பக்கத்தில் அப்படி நடக்காது என்று நினைக்கிறீர்களா? எங்களுக்குப் பெரும்பண்ணை வராது, மனைப்பிரிவு வரும். வழி வேறு, போய்ச் சேருகிற இடம் அதுதான்.

பேரூராட்சி என்ற பேருக்கே மனைக்கு விலை கூடுகிறது. நஞ்சையில் நாலு கல் நட்டு, செம்மண் அடித்து, கொடி கட்டிவிடுகிறார்கள். ஒருத்தர் வயல் மனையாகும்போது அவர் வயல் மட்டும் போவதில்லை. அதன் வழியாகப் பாய்ந்துகொண்டிருந்த கீழ்வயல்கள் அத்தனைக்கும் வாமடை அடைபடுகிறது. அப்புறம் கீழ்வயல்காரர் என்ன செய்வார்? ரெண்டு பருவம் தரிசு போட்டுவிட்டு, அவரும் விற்பார். இயற்கை விவசாயம் செய்கிறவர், செய்யாதவர் என்று இதில் பாகுபாடு இல்லை.

மலையடிவாரத்தில், மேக்கரை, வடகரைப் பக்கம் தோப்பு வைத்திருக்கிறவர்களைப் பாருங்கள். யானை வந்தால் ஒரு ராத்திரியில் இருபது வருஷத் தென்னை சாய்ந்துவிடும். வசதி இருக்கிறவர் சூரிய மின்வேலி போட்டுக்கொள்கிறார். யானை என்ன, திரும்பி வீட்டுக்கா போகும்? வேலி இல்லாத பக்கத்துத் தோப்புக்குப் போகும். ஆனால் அதே இடத்தில்தான், யானை வந்துவிட்டது என்று போன் வந்தால் நடுராத்திரியில் டார்ச் லைட்டோடு பத்துப் பேர் ஓடுகிறார்கள். சாமி கும்பிடுகிறவரும் தொழுகைக்குப் போகிறவரும் சேர்ந்துதான் தகரம் தட்டுகிறார்கள். நிலத்தகராறில் கோர்ட்டுக்குப் போனவர்கள்கூட அந்த நேரத்தில் ஒரே பக்கம் நிற்பார்கள். ஊர் இன்னும் முழுசாகச் சாகவில்லை என்று எனக்கு நம்பிக்கை தருவது அதுதான். யானைக்குக் கூடுகிறவர்கள் வாமடைக்குக் கூட மாட்டார்களா?

கூட முடியும் என்பதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. பங்கேற்பு உத்தரவாத முறை என்கிற பி.ஜி.எஸ். சான்று நம்மில் பலருக்குத் தெரியும். பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர வேண்டும், ஒருத்தர் வயலை இன்னொருத்தர் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பலர் இதைச் செலவு குறைந்த சான்றிதழ் என்று மட்டும் பார்க்கிறார்கள். பெயருக்கு ஐந்து ஆதார் அட்டையைச் சேர்த்துக் காகிதத்தை முடிக்கிறார்கள். அப்படிச் செய்தால் லேபிள் கிடைக்கும், பக்கத்து வயல்காரர் கிடைக்க மாட்டார். அந்த ஐந்து பேரையும் ஒரே வாய்க்காலில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கிற வயல்காரர்களாகப் பார்த்துச் சேர்த்தால் கதையே வேறு. முழுசாக மாறாதவராக இருந்தாலும் பரவாயில்லை, முதலில் அரை ஏக்கர் வீட்டுச் சாப்பாட்டுக்கு என்று ஆரம்பிக்கட்டும். தமிழ்நாடு அரசு 2023-இல் அங்கக வேளாண்மைக்கு ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. அதை வைத்து நாம் கேட்க வேண்டியது தனித்தனி ஆளுக்கு மானியம் அல்ல. ஒரு மடைப் பாசனத்தை மொத்தமாக ஒரு அலகாக எடுத்து உதவி செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். மடை மாறினால்தான் வயல் மாறும். பேரூராட்சியிடமும் கேட்க வேண்டியது உண்டு. தெருக் குப்பையில் உரம் தயாரிக்கிறார்கள், நல்லது. ஆனால் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் கலந்த உரத்தை நான் என் வயலில் கொட்ட மாட்டேன். வீட்டிலேயே பிரித்து வாங்குங்கள், நாங்கள் வண்டி வைத்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்ல ஐந்து பேராவது சேர்ந்து போனால்தான் காது கொடுப்பார்கள்.

நிலம் வாங்க வருகிற தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். பத்திரம் போடுவதற்கு முன்னால் ஒரு பருவம் ஊரில் வந்து இருங்கள். டீக்கடையில் உட்காருங்கள். கல்யாணத்துக்குப் போங்கள், இழவுக்கும் போங்கள். மேல்வயல்காரர் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள், கீழ்வயல்காரரிடம் நீங்களாகப் போய்ப் பேசுங்கள். அவர் அம்பை 16 போட்டு, மூட்டை யூரியா கொட்டுகிறவராகத்தான் இருப்பார். அதற்காக அவரை ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். கடனை அடைக்கிற வழி அவருக்கு அது ஒன்றுதான் தெரிகிறது. கம்பி வேலியும் கேமராவும் போட்டு உள்ளே காடு வளர்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். காடு வளர்கிறது. ஒரு நாள் மோட்டார் பழுதானால் ஆளைக் கூப்பிட வெளியே யாரையும் தெரியாது.

எங்கள் வாய்க்காலில் இப்போது நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். மேல்வயல் அண்ணாச்சி கால் ஏக்கரில் தூயமல்லி போட்டுப் பார்க்கிறேன் என்று விதை வாங்கிப் போயிருக்கிறார். மிச்ச நிலத்துக்கு மருந்து அடிப்பதை விடவில்லை, சொல்லிவிட்டு அடிக்கிறார். ஐந்தாவது ஆள் கீழ்வயல்காரர். அவர் நிலத்தை மனைக்குக் கேட்டு ஆள் வந்துவிட்டது, அட்வான்ஸ் தருகிறேன் என்கிறார்களாம். போன வாரம் மூணு பேராகப் போய்ப் பேசினோம். மகள் படிப்புக்குப் பணம் வேண்டியிருக்கிறது என்றார். நாங்கள் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நாலு பேரும் சேர்ந்து அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, வருஷப் பணத்தை முன்னாலேயே கொடுத்துவிட்டால் என்ன என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். பிசானத்துக்கு நாற்றுப் பாவுவதற்குள் ஒரு முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறார்.